கொள்வார் யாரென்று கேளாமல் விரித்த கடைகள்

இந்தியப் பொறியாளர்கள் உருவாக்கிய கருவிகளில், சிம்ப்யூட்டரைப் போலப் பாராட்டையும் புறக்கணிப்பையும் ஒருசேரப் பெற்றவை மிகக் குறைவு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்த அந்தக் கையடக்கக் கணினியின் முன்மாதிரி 2001 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் நுண்செயலி, லினக்ஸ் இயங்குதளம், தொடுதிரை, ஒரே கருவியைப் பலர் தத்தம் கணக்கோடு பயன்படுத்த உதவும் ஸ்மார்ட் கார்டு, இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஆகிய அனைத்தையும் ஏறத்தாழ 9,000 ரூபாய்க்குள் அடக்கிவிட வேண்டும் என்பது அவர்களுடைய இலக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரும் கணினியின் பயனைப் பெற வேண்டும் என்ற நோக்கத்தை உலகப் பத்திரிகைகள் கொண்டாடின.

2004-இல் அது விற்பனைக்கு வந்தது. வடிவமைப்பில் பங்குபெற்ற பேராசிரியர்கள் தொடங்கிய பிக்கோபெட்டா என்ற புத்தொழில் நிறுவனம் அதை ‘அமிடா’ என்ற பெயரில் வெளியிட, பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்துக் கொடுத்தது. கருவியைச் சாய்த்தால் அந்த அசைவை உணர்ந்து திரை இயங்கும் வசதி அதில் இருந்தது; ஐபோன் வெளிவர அப்போது இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன. அக்காலத்து உதிரிபாகங்களையும் அந்த விலையையும் வைத்துப் பார்த்தால், பொறியியல் நோக்கில் அது மதிக்கத்தக்க சாதனை. ஆனால் 50,000 கருவிகள் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் சுமார் 4,000 மட்டுமே விற்றன.

இதற்குக் காரணம் கேட்டால் நம்மிடையே வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். அரசு ஆதரிக்கவில்லை என்பது ஒன்று. இந்தியத் தயாரிப்பை இந்தியர்களே மதிப்பதில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம் என்றாலும், இரண்டும் பழியை வேறொருவர் தலையில் வைப்பதால்தான் அவை இவ்வளவு எளிதாக நாவில் வருகின்றன என்று நினைக்கிறேன். சிம்ப்யூட்டரின் வரலாற்றில் கடைசிவரை தெளிவான விடை கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு: இதற்குப் பணம் கொடுக்கப்போவது யார்? பயன்படுத்துபவர் கிராமத்து ஏழை என்றால், அவரால் 9,000 ரூபாயைத் தனியாகச் செலவிட முடியாது. ஊராட்சியோ பள்ளியோ ஒரு கருவியை வாங்கி வைத்துக்கொள்ள, ஊரார் ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டோடு வந்து பயன்படுத்துவார்கள் என்றால், ஊராட்சி அதை எந்த நிதியிலிருந்து வாங்கும், பழுதானால் யாரிடம் கொண்டுபோகும், வாங்கிய மறுநாள் அதில் செய்வதற்கு என்ன வேலை இருக்கும் என்ற கேள்விகள் எழுகின்றன. மாநில அரசு மொத்தமாக வாங்கும் என்றால், அங்கே முடிவெடுப்பவர் ஓர் அதிகாரி. அவருக்குத் தேவைப்படுவது நில ஆவணமோ வரி வசூலோ ஒரு குறிப்பிட்ட வேலையை முடித்துத் தரும் முழு ஏற்பாடு. அமிடா வெளிவந்த நேரத்திலோ, நகரத்து இளைஞரும் அலுவலகப் பணியாளரும்கூட வாங்கக்கூடிய கருவியாக அது முன்வைக்கப்பட்டது. அதன் உயர்ந்த வகையின் விலை 20,000 ரூபாயைத் தொட்டது. ஏழைக்கான கணினி என்று மூன்று ஆண்டுகள் செய்தித்தாள்களில் படித்த ஒருவர், அதே பெயரைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள 20,000 ரூபாய் கொடுப்பாரா என்று யாரேனும் முன்கூட்டியே கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

இந்த நான்கு வாங்குபவர்களும் வெவ்வேறு மனிதர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய காரணம், கேட்க வேண்டிய விலை, பொருள் அவர்களிடம் போய்ச் சேரும் வழி, விற்ற பிறகு தர வேண்டிய சேவை என எல்லாமே வேறுபடும். ஒரு சிறிய நிறுவனத்தால் இவற்றில் ஒன்றைச் செய்யவே மூச்சு முட்டும். இதற்கிடையில் 2003 ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி தரும் திட்டத்தை ‘மான்சூன் ஹங்காமா’ என்ற பெயரில் அறிவித்தது. அந்தக் கைபேசியில் சிம்ப்யூட்டரின் அறிவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதை எதற்கு வாங்க வேண்டும் என்று எந்தக் கிராமத்திலும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தூரத்தில் இருக்கும் மகனோடு பேசலாம் என்பது அனைவருக்கும் தெரிந்த காரணம்.

சந்தைப்படுத்தல் என்று நான் இங்கே சொல்வது விளம்பரத்தை அன்று; சிம்ப்யூட்டருக்குக் கிடைத்த இலவச விளம்பரத்தைப் பல கோடி ரூபாய் கொடுத்தாலும் வாங்க முடியாது. யாருக்காக, அவர் இப்போது பயன்படுத்தும் எதற்கு மாற்றாக, எந்த விலையில், எந்த வழியாக என்ற நான்கு முடிவுகளை எடுப்பதும், அவற்றுக்கு ஏற்பப் பொருளையே வெட்டிக் குறைப்பதும்தான் அதன் பெரும்பகுதி. தொழில்நுட்பத்தில் வலுவான நிறுவனங்கள் இந்த முடிவுகளைத் தள்ளிப்போடுகின்றன. அதற்குச் சோம்பலோ அறியாமையோ காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுடைய திறமையே காரணமாகிறது என்பதுதான் என் கருத்து. திறமையான பொறியாளரிடம், தன் வேலை நன்றாக நடக்கிறது என்பதை அறிந்துகொள்ள நம்பகமான அளவுகோல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சோதனைகள் தேறுகின்றனவா, தாமதம் எத்தனை மில்லிநொடி, பிழைகள் குறைந்தனவா என்று ஒவ்வொரு மாலையும் அவரால் பார்க்க முடியும். ‘இதை யார் வாங்குவார்’ என்ற கேள்விக்கு அப்படியொரு அளவுகோல் கிடையாது. பதில் தெளிவில்லாமலும் பெரும்பாலும் அவமானகரமாகவும் வரும். தினமும் முன்னேற்றம் காட்டும் ஒரு வேலையும், பத்துப் பேரிடம் பேசினால் எட்டுப் பேர் உதட்டைப் பிதுக்கும் ஒரு வேலையும் எதிரெதிரே இருந்தால், மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதில் வியப்பில்லை.

இதை மிகத் துல்லியமாகக் காட்டும் நிகழ்வு ரீதிங்க் டிபி என்ற தரவுத்தளத்தின் (தரவைச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருளின்) கதை. மென்பொருள் துறைக்கு வெளியே அதிகம் பேசப்படாதது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்லாவா அக்மெசெத், மைக்கேல் குளுகோவ்ஸ்கி ஆகியோர் 2009-இல் தொடங்கிய நிறுவனம் அது. புத்தொழில்களுக்குத் தொடக்க முதலீடும் வழிகாட்டலும் தரும் ஒய் காம்பினேட்டரில் இடம்பெற்றது. அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்த, சுழலும் வட்டு இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகங்களுக்கென்றே மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு ஒரு புதிய சேமிப்பு அடுக்கை எழுதுவது அவர்களுடைய முதல் திட்டம். பிறகு திசை மாறி, ஜேசன் என்ற எளிய உரை வடிவில் அமைந்த ஆவணங்களைச் சேமிக்கும் முழுமையான தரவுத்தளமாக 2012-இன் இறுதியில் அது வெளிவந்தது. தரவைக் கேட்டுப் பெறுவதற்கான அதன் வினவல் மொழியைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் அதன் நேர்த்தியை இன்றும் பாராட்டுவார்கள். நிர்வாகத் திரை அழகானது. பல சர்வர்களுக்குத் தரவைப் பிரித்து வைப்பது ஒரு சொடுக்கில் முடியும். தரவு மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தைத் தானாகவே செயலிக்கு அனுப்பும் வசதியும் பின்னர் வந்து சேர்ந்தது; செயலி திரும்பத் திரும்பப் போய்க் கேட்க வேண்டியதில்லை.

அதே களத்தில் முன்பே நின்றது மாங்கோ டிபி. 2007-இல் நியூயார்க்கில் 10ஜென் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2009-இல் தன் தரவுத்தளத்தை வெளியிட்டிருந்தது. தொடக்ககால மாங்கோ டிபியின் பொறியியல் குறைகள் துறையில் பழமொழிபோலப் பேசப்பட்டவை. எழுத அனுப்பிய தரவைச் சர்வர் உண்மையிலேயே ஏற்றுக்கொண்டதா என்று கேட்டுக் காத்திருக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவதே 2012 நவம்பர் வரை அதன் இயல்பான அமைப்பாக இருந்தது. ஒரு சமயத்தில் ஒருவர் எழுதினால் மற்ற அனைவரும் காத்திருக்க வேண்டிய பூட்டு முறையும் அதில் நெடுநாள் இருந்தது. பல சர்வர்களில் பகிர்ந்தியங்கும் அமைப்புகளைச் சோதிக்கும் ஜெப்சென் என்ற ஆய்வுத் தொடரில் கைல் கிங்ஸ்பரி 2013-இல் அதைச் சோதித்தபோது, பிணைய இடையூறுகளின்போது தரவு இழப்பு நேர்வதை வெளிப்படுத்தினார். 2016-இன் தொடக்கத்தில் அவர் ரீதிங்க் டிபியைச் சோதித்தபோதோ, உரிய அமைப்பில் அது தன் உறுதிமொழியைக் காத்து நின்றது. சர்வர்களின் ஏற்பாட்டை இடையில் மாற்றும்போது மட்டும் ஒரு பிழை வெளிப்பட, அது விரைவில் திருத்தப்பட்டது.

இந்தப் பத்தியோடு கதை முடிந்திருந்தால் வென்றது யார் என்று எந்தப் பொறியாளரும் தவறாகச் சொல்லியிருப்பார். 2016 அக்டோபரில் ரீதிங்க் டிபி நிறுவனம் மூடப்பட்டது. பொறியாளர் குழு, இணையவழிக் கட்டணச் சேவை தரும் ஸ்டிரைப் நிறுவனத்தில் சேர்ந்தது. சில மாதங்கள் கழித்து அதன் மூலநிரலின் உரிமையை லினக்ஸ் அறக்கட்டளையின் ஓர் அமைப்பு 25,000 டாலருக்கு வாங்கி, யாரும் கட்டற்றுப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. பல ஆண்டு உழைப்புக்கு அந்தத் தொகை சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொறியாளரின் சில மாதச் சம்பளம். ரீதிங்க் டிபி மூடப்பட்டதற்கு அடுத்த ஆண்டான 2017-இன் அக்டோபரில் மாங்கோ டிபி நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதையொட்டி அந்நிறுவனம் வெளியிட்ட கணக்குகளில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டதைவிட விற்பனைக்கும் சந்தைப்படுத்தலுக்கும் செலவிட்ட தொகை அதிகம்.

அக்மெசெத் 2017-இன் தொடக்கத்தில் தம் தோல்விக்கான காரணங்களை வெளிப்படையாக எழுதினார். கட்டணம் கொடுக்க விரும்பாத சந்தையைத் தேர்ந்தெடுத்தது ஒரு காரணம் என்றும், தவறான அளவுகோல்களை வைத்துப் பொருளை மேம்படுத்தியது மற்றொரு காரணம் என்றும் அவர் சொன்னார். அவர்கள் பிழையின்மை, எளிய இடைமுகம், எந்தச் சர்வரில் கேட்டாலும் ஒரே தரவு கிடைக்கும் ஒத்திசைவு ஆகியவற்றுக்காக உழைத்தார்கள். பயனர்கள் கேட்டதோ வேறு: தேவைப்படும் காலத்தில் கையில் கிடைப்பது, உட்கார்ந்து முயன்று பார்க்கும் முதல் அமர்விலேயே உணரக்கூடிய வேகம், ஒரு குறிப்பிட்ட வேலைக்கு இதுவே ஏற்றது என்ற தெளிவு. எல்லாவற்றுக்கும் நல்லதான தரவுத்தளம் ஒன்றைத் தேடி யாரும் காலையில் அலுவலகம் வருவதில்லை. இந்த வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டிய ஒரு வேலையோடுதான் வருகிறார்கள்.

அவருடைய கணிப்பை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் ஓரிடத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தரவு தொலையாது என்பது ஒரு பொருளின் மிகப் பெரிய நற்பண்பாக இருக்கலாம். ஆனால் அது முதல் ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, நள்ளிரவில் ஒரு சர்வர் விழும்போதுதான் தெரியும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு டெவலப்பர் செய்வது என்ன? நிறுவுகிறார், பத்தாயிரம் ஆவணங்களை உள்ளே போடுகிறார், எத்தனை நொடி ஆனது என்று பார்க்கிறார். எழுதியது சேர்ந்ததா என்று காத்திருக்காத தரவுத்தளம் அந்தப் பந்தயத்தில் இயல்பாகவே முந்தும். பிற்காலத்தில் மட்டும் வெளிப்படும் நற்பண்பை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கண்ணில் படும்படி செய்வதுதான் இங்கே சந்தைப்படுத்தலின் வேலையாக இருந்திருக்க வேண்டும். தரவு தொலைந்ததால் ஏற்கெனவே அடிபட்டவர்கள், பணப் பரிமாற்றத்தையோ மருத்துவப் பதிவையோ கையாள்பவர்கள் என்று ஒரு சிறு கூட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய மொழியில் பேசி, அவர்களிடம் கட்டணமும் கேட்கும் வழி இருந்தது. அந்த வழியில் போனால் மற்ற டெவலப்பர்களைக் கைவிட வேண்டியிருக்கும் என்பதுதான் அதன் கசப்பு.

மாற்றங்களைத் தானாக அனுப்பும் வசதியின் கதை இதைவிடத் தெளிவானது. ஏறத்தாழ அதே வசதியை ஃபயர்பேஸ் என்ற நிறுவனம் விற்ற விதத்தைப் பாருங்கள். ஜேம்ஸ் டாம்ப்ளினும் ஆண்ட்ரூ லீயும் முதலில் நடத்தியது வலைத்தளங்களில் அரட்டைப் பெட்டி பொருத்தித் தரும் சேவை. அதைப் பயன்படுத்திய சில டெவலப்பர்கள், அரட்டைச் செய்திகளை விட்டுவிட்டு, விளையாட்டின் நிலை போன்ற செயலித் தரவை அதன் வழியே அனுப்பிக்கொண்டிருந்ததை அவர்கள் கவனித்தார்கள். அந்தப் பயன்பாட்டை மட்டும் தனியே பிரித்தெடுத்து, சர்வர் மென்பொருள் எழுதத் தெரியாத செயலி டெவலப்பருக்கான உடனடிப் பின்தளமாக (செயலியின் தரவைச் சர்வரில் வைத்துக் கையாளும் பகுதியாக) 2012-இல் வெளியிட்டார்கள். 2014 அக்டோபரில் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. தரவுத்தளப் பொறியியலாக ஒப்பிட்டால் ஃபயர்பேஸால் செய்ய முடியாத வினவல்கள் ஏராளம். ஆனால் யார் வாங்குவார், எதற்கு வாங்குவார் என்பது பொருள் பிறப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பயனர்களே நடத்தையில் காட்டிவிட்டார்கள். ரீதிங்க் டிபி குழுவும் தங்கள் தரவுத்தளத்தின்மீது அமைந்த ‘ஹொரைசன்’ என்ற பின்தளத்தை உருவாக்கி இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அது வெளிவந்தது 2016 மே மாதத்தில். நிறுவனத்துக்கு அப்போது மிச்சமிருந்த ஆயுள் ஐந்து மாதம்.

மாங்கோ டிபியிடம் பணம் இருந்தது, அதனால் விளம்பரம் செய்து வென்றது என்று சிலர் சொல்வார்கள். பணம் இருந்தது உண்மை. அதை எதற்குச் செலவிட்டார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். பல நகரங்களில் டெவலப்பர் கூட்டங்கள், தொடக்கநிலையினருக்கு எழுதப்பட்ட ஆவணங்கள், 2012-இன் இறுதியிலிருந்து இலவச இணைய வகுப்புகள் என்று அவர்கள் செய்த பெரும்பாலான வேலை, புதிதாக வரும் ஒருவர் சங்கடமின்றி முதல் வெற்றியை அடைவதற்கானது. ஒருவர் வேலை தேடும்போது தன் தகுதிப் பட்டியலில் எழுதிக்கொள்ளும் சொல்லாக அந்தப் பெயர் மாறியது. அதன்பின் ஒரு நிறுவனம் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு, ‘இதைத் தெரிந்த ஆட்கள் எளிதில் கிடைப்பார்கள்’ என்ற காரணமே போதும். எந்த வேகச் சோதனையும் தேவையில்லை. பொறியியல் குறைகளையோ, சந்தையில் வென்று சம்பாதித்த அவகாசத்தில் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டார்கள். வயர்டு டைகர் என்ற சேமிப்பு இயந்திரத்தை உருவாக்கிய நிறுவனத்தையே 2014-இன் இறுதியில் விலைக்கு வாங்கி, 2015-இல் வந்த பதிப்பில் சேர்த்தார்கள். ரீதிங்க் டிபியிடம் எதிர்த் திசையில் அப்படிச் செய்வதற்கு அவகாசம் இருக்கவில்லை. தொழில்நுட்பக் கடனை, அதாவது அவசரத்தில் விட்டுவைத்த பொறியியல் குறைகளை, வருவாய் கொண்டு அடைக்கலாம். வருவாய் இல்லாமையைத் தொழில்நுட்பம் கொண்டு அடைப்பதற்கு வழி குறைவு. இதை எழுதும்போது, நேர்மையாகப் பொருள் செய்தவர்கள் தோற்பது நியாயமா என்ற எரிச்சல் எனக்கும் இல்லாமலில்லை.

பொறியியலில் எதைச் செய்யாமல் விடுவது என்பதையே வாங்குபவர் தீர்மானித்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு, கையடக்கக் கருவிகள் செய்த பாம் நிறுவனம். 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிளிலிருந்து பிரிந்த ஜெனரல் மேஜிக் நிறுவனத்தில், மக்கின்டோஷை உருவாக்கிய பில் ஆட்கின்சன், ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு போன்ற மேதைகள் இருந்தார்கள். 1994-இல் சோனி வழியாக வெளிவந்த அவர்களுடைய மேஜிக் லிங்க் கருவி, மின்னஞ்சலையும் கடையையும் பயண ஏற்பாட்டையும் கையில் தருவதாக இருந்தது, விலை 800 டாலர் அளவு, யாரும் வாங்கவில்லை. பாம் நிறுவனமும் தன் முதல் கருவியான ஜூமரில் தோற்றது. ஆனால் அதன் நிறுவனர் ஜெஃப் ஹாக்கின்ஸ், ஜூமரை வாங்கியவர்களிடமே போய் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கச் செய்தார். அவர்கள் அதைக் கணினிக்கு மாற்றாக நினைக்கவில்லை. காகித நாட்குறிப்புக்கு மாற்றாக நினைத்தார்கள், மேசைக் கணினியோடு இணைய வேண்டும் என்றும் விரும்பினார்கள். அடுத்த கருவிக்கான மரத்துண்டு ஒன்றைச் செய்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கூட்டங்களில் அதில் குறிப்பெடுப்பதுபோல் ஹாக்கின்ஸ் நடித்துப் பார்த்த கதை துறையில் பலமுறை சொல்லப்பட்டதுதான். அந்த அடுத்த கருவியாக 1996-இல் வந்த பைலட்டின் தொடக்க விலை 299 டாலர். நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு ஆகிய நான்குக்கும் தனித்தனிப் பொத்தான். முதல் 18 மாதங்களில் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. கையெழுத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளும் கடினமான ஆராய்ச்சியை விட்டுவிட்டு, கருவிக்குப் புரியும்படி எழுத்துகளைச் சற்று மாற்றி எழுத மனிதரைப் பழக்கினார்கள். மேதைகளுக்கு அது பின்வாங்கலாகத் தெரிந்திருக்கும்.

நம் ஊரிலிருந்தே இதற்கு மறுபக்கச் சான்று ஒன்று உண்டு. 2010-இல் ஜென்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் உதவி மென்பொருள் நிறுவனம் தன் கட்டணத்தை உயர்த்தியபோது, தொழில்நுட்பத் துறையினர் உரையாடும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் அதன் பயனர்கள் கொதித்தார்கள். அப்போது சோஹோவில் பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம் அந்த உரையாடலைப் படித்தார். அதே ஆண்டில் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து சென்னையில் ஃபிரெஷ்டெஸ்கைத் தொடங்கினார். உதவி மென்பொருள் என்பது அப்போது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஏற்கெனவே பல பொருள்கள் இருந்த சந்தை அது. அதில் யார் சினத்தில் இருக்கிறார்கள், எதனால், எவ்வளவு கொடுக்கத் தயார், எந்த இடத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்பவை மட்டுமே அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தவை. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் ஒரு பள்ளி. சென்னையிலிருந்து யாரும் விமானம் ஏறாமலே விற்றது. ஜென்டெஸ்கின் நகல் என்று பொதுவெளியில் குற்றம்சாட்டப்பட்டபோது, அந்தக் கேள்வியையே பெயராகக் கொண்ட ஒரு தனி வலைத்தளத்தைத் திறந்து, இரு தரப்பு வாதங்களையும் அதில் வைத்தார்கள். பெரிய போட்டியாளரின் கோபத்தைச் சிறிய நிறுவனம் தன் அறிமுகமாக மாற்றிக்கொண்ட அந்தத் துணிச்சலுக்கு விளம்பரச் செலவு ஏறத்தாழ இல்லை. 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது.

இவற்றைச் சொன்னால் தொழில்நுட்ப நிறுவனர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நல்ல பொருள் தானாக விற்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஏறக்குறைய அறக்கோட்பாடாகவே இருக்கிறது. விற்பதற்கு முயல்வது பொருளில் குறை இருப்பதற்கான ஒப்புதல் என்று கருதுகிறார்கள். ஒருவரிடம் ‘உங்கள் பொருளை யார் வாங்குவார்கள்’ என்று கேட்டால், ‘யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்’ என்ற பதில் பெருமிதத்தோடு வரும். பொறியியலில் பொதுமை ஒரு நற்குணம் என்பதால், அது சந்தையிலும் நற்குணமாகத்தான் இருக்கும் என்று அவர் நம்புகிறார். முதலீட்டாளருக்கான விளக்கக்காட்சியில், உலகச் சந்தையின் மொத்த மதிப்பை எழுதி, அதில் 1 விழுக்காடு கிடைத்தாலே போதும் என்று கணக்குக் காட்டும் பக்கம் இந்த நம்பிக்கையிலிருந்துதான் பிறக்கிறது. அந்த 1 விழுக்காட்டில் ஒருவருக்காவது பெயரும் ஊரும் இருக்கிறதா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

விருதுகளும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றன என்பதைக் குறிப்பிட வேண்டும். நம் நாட்டில் புத்தாக்கத்துக்கான மேடைகள் பெருகியிருக்கின்றன. அவை முயற்சிகளை ஊக்குவிக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் நடுவர்கள் தொழில்நுட்பப் புதுமைக்கு மதிப்பெண் இடுகிறார்கள். அந்தப் பாராட்டு, வாடிக்கையாளரின் மௌனத்தை மறக்கச் செய்கிறது. கோப்பையோடு நின்று எடுத்த படங்கள் வலைத்தளத்தின் முகப்பில் இருக்க, பொருளின் விலை எங்கும் இல்லாத நிறுவனங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். விலையைக் கேட்டால் ‘தொடர்பு கொள்ளுங்கள்’ என்ற பொத்தான் மட்டும் இருக்கும். விலையை முடிவு செய்யவில்லை என்றால், யாருக்கு விற்கிறோம் என்பதையும் முடிவு செய்யவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பெருநிறுவனங்களுக்கு மட்டுமே விற்பவர்கள் இதற்கு விதிவிலக்கு.

முதல் சந்தைப்படுத்தல் பணியாளரை எப்போது அமர்த்துவது என்று நிறுவனர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலோர் பொருள் முடிந்ததும் ஒருவரை எடுத்து, அவரிடம் வலைத்தளத்தையும் சமூக ஊடகக் கணக்கையும் ஒப்படைத்து, ஆறு மாதத்தில் பலன் இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். யாருக்கான பொருள் என்று நிறுவனருக்கே தெரியாதபோது வந்து சேர்ந்தவரால் எதை எழுத முடியும்? முதல் இருபது வாடிக்கையாளர்களையாவது நிறுவனர்களே, பொறியாளரும் உடனிருக்க, நேரில் பேசி விற்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் பேச்சுகளில் வாங்கியவர்கள் எதைச் சொல்லி வாங்கினார்கள், மறுத்தவர்கள் தற்போது எதை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்பதை அவர்களுடைய வாய்மொழியிலேயே எழுதி வைக்க வேண்டும். மறுத்தவர்களின் பட்டியலில், பெயர் தெரிந்த எந்தப் போட்டி நிறுவனத்தைக் காட்டிலும் எக்செல் தாளும் வாட்ஸ்அப் குழுவும்தான் அதிகமாக இருக்கும். பல ஸ்டார்ட்அப்களின் உண்மையான எதிராளி அவைதாம், அவற்றின் விலை சுழியம். அந்தக் குறிப்புகளிலிருந்து வலைத்தளத்தின் முதல் மூன்று வாக்கியங்களை, தொழில்நுட்பச் சொல் ஒன்றுகூட இல்லாமல், வாடிக்கையாளர் சொன்ன சொற்களைக் கொண்டே எழுத முடிந்தால் ஆளை அமர்த்தலாம். எழுத முடியவில்லை என்றால், இன்னும் சில வாரங்கள் தொலைபேசியில் பேசுவது ஒரு சம்பளத்தைவிட மலிவு.